இரண்டாவது ரிமோட்

"சுடு பாப்பா," என்றார் நைனா.

நான் சுடவில்லை. திரையின் வலக்கோடியில் அவருடைய சிவப்பன் செங்கல் சுவரை ஒட்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தான். என் நீலன் தானாகவே அவனை நோக்கி நகர்ந்தான். நான் அவனைப் பின்னால் இழுத்து இழுத்து நிறுத்திக்கொண்டிருந்தேன்.

"சும்மா முன்ன போய் பின்ன வந்துகினு இருந்தா இன்னா அர்த்தம்? எதிர்ல ஆள் நிக்கிறான் இல்ல, சுடு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா ரசத்துக்குத் தாளித்த வாசனை கூடத்தில் இன்னும் மிச்சமிருந்தது. நைனா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. அவர் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் வீடியோ கேம் ரிமோட். வலது கட்டைவிரல் சுடுகிற பட்டன்மேல் தயாராக இருந்தது. இடது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் போல் பக்கத்தில் கிடந்தது.

அந்த விளையாட்டில் சுடுவதற்கு வலது கட்டைவிரல். நடப்பதற்கு இடது.

மறுநாள் காலை நான் சென்னையில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். விடுப்பு முடிந்துவிட்டது. திரும்பப் போவதில்லை என்று அன்று காலைதான் அம்மாவிடம் அடுப்படியில் சொல்லியிருந்தேன். நைனாவின் கை இப்படிக் கிடக்கும்போது எனக்கு எந்த வேலையும் வேண்டாம் என்று மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் வீட்டில் அடுப்படியில் சொல்வதும் கூடத்தில் சொல்வதும் ஒன்றுதான்.

கேசட்டில் வந்தவர்கள்

சிவப்பனும் நீலனும் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆடிக் கிருத்திகைக்கு வந்தார்கள். கோயில் மலையடிவாரத்தில் கடைகள் முளைக்கிற அந்த நாட்களில், பொம்மை பலூன்களுக்கும் பித்தளைச் சாமான்களுக்கும் நடுவே ஒரு கடையில் டிவி கேம் வைத்திருந்தார்கள். சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு மஞ்சள் கேசட். லட்சக்கணக்கில் விளையாட்டுகள் இருப்பதாக அட்டை சொன்னது. உள்ளே இருந்தவை சில. அவையே வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வந்தன.

அந்த வருடம் நான் வகுப்பில் முதலாவதாக வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இந்தத் தொடரில் இதை முன்பே சொல்லிவிட்டேன். இனியும் சொல்வேன். எனக்கு அலுக்காது.

"தேங்காய் பழம் வாங்கினு வாய்யான்னா பொட்டி வாங்கினு வந்திருக்குது பாரு," என்றாள் அம்மா.

"தேங்காய் பழம் நாளைக்குக் கூட விக்கும்," என்றார் நைனா.

பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளில் எங்களுக்குப் பிடித்தது ஒன்றுதான். அதன் பெயர் புரியாத எழுத்தில் இருந்ததால் நாங்களே 'செவப்பன் நீலன்' என்று பெயர் வைத்தோம். செங்கல் சுவர்கள், நடுவில் ஒரு குளம், இரண்டு ஆட்கள், இரண்டு துப்பாக்கி. ஒருவரையொருவர் சுட வேண்டும். அவ்வளவுதான் கதை.

ஆனால் அதில் ஒரு விதி உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு சமயத்தில் ஒரு குண்டுதான். சுட்ட குண்டு எதன் மேலாவது மோதி மறைந்த பிறகே அடுத்தது வரும். பக்கத்துச் சுவரில் மோதினால் சட்டென்று அடுத்தது தயார். கோடிச் சுவர் வரைக்கும் போகிற குண்டு என்றால், அது போய்ச் சேரும்வரை வெறும் கையோடு நிற்க வேண்டும். அதனால் சுடுவதற்கு முன் யோசிக்க வேண்டியிருந்தது. பள்ளியில் என்னை யோசிக்கச் சொன்னவர்கள் பலர். யோசிக்க வைத்தது அந்தக் குண்டு.

நிறுத்துவது யார்?

அந்தப் பெட்டியின் இரண்டு ரிமோட்டும் ஒன்றல்ல. முதல் ரிமோட்டில்தான் ஸ்டார்ட் பட்டன். விளையாட்டைத் தொடங்கவும் நடுவில் நிறுத்தி வைக்கவும் அதனால்தான் முடியும். இரண்டாவதில் அது கிடையாது. அந்த இடத்தில் மொழுக்கென்று பிளாஸ்டிக் மட்டும் இருக்கும்.

நைனா முதல் நாளே இரண்டாவதை எடுத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதுதான் அவருடையது. நீலன் அவர், சிவப்பன் நான்.

"நீயே ஒன்னாவது எடுத்துக்க நைனா, பெரியவன் நீதானே," என்று ஒருமுறை கேட்டேன்.

"படிக்கிற பிள்ளை நீ. எப்ப நிறுத்தணும்னு உனக்குத்தான் தெரியணும்."

அவரை வேலைக்குக் கூப்பிட மலைமேலிருந்து ஆள் வரும், பெரிய கூட்டம் இறங்கியிருக்கிறது, உடனே வா என்று. அப்போதும் ரிமோட்டைக் கீழே போட மாட்டார். "பாப்பா, நிறுத்தும்மா," என்று கேட்பார். நான் நிறுத்துவேன். ஊரில் வேறு யாரும் என்னிடம் அப்படி அனுமதி கேட்டதில்லை.

நனைந்த கை

நைனாவின் வேலை மலைமேல் முடி காணிக்கை மண்டபத்தில். வேண்டுதலுக்கு மொட்டை போட வருகிறவர்களின் தலையை அவர்தான் நனைப்பார், சிரைப்பார்.

அந்த வேலையில் உலர்ந்த கையோடு எதையும் தொடுவதில்லை. குவளைத் தண்ணீரில் கையை நனைத்து, ஒரு உதறு உதறி, பிறகுதான் தலை. இத்தனை வருடத்தில் அது அவருடைய உடம்பில் ஏறிவிட்டது. சாப்பாட்டுத் தட்டைத் தொடும் முன், கதவின் தாழ்ப்பாளைத் தொடும் முன், என்கூடப் படித்தவளின் கல்யாணப் பத்திரிகையை வாங்கும் முன்கூட அவர் கை தண்ணீரைத் தேடும். பத்திரிகையில் மஞ்சள் கரைந்து ஓடியதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

ரிமோட் மட்டும் எப்படித் தப்பும்? பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இல்லாமல் நைனா விளையாட உட்கார்ந்ததில்லை.

"யோவ், அது கரண்டு சாமான்யா," என்பாள் அம்மா.

"ரிமோட்ல எங்க கரண்டு கீது? கரண்டு எல்லாம் பொட்டில கீது."

ஒரு மழைக்காலத்தில் இரண்டாவது ரிமோட்டின் உள்ளே ரப்பர் ஊறி ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து நீலன் யாரும் சொல்லாமலே வலப்பக்கம் நடக்கத் தொடங்கினான். நீலன் நிற்பது இடக்கோடியில். சிவப்பன் வலக்கோடியில். அதாவது, கையை விட்டால் நைனாவின் ஆள் என்னை நோக்கி வந்துகொண்டே இருப்பான்.

வேறு ரிமோட் வாங்கலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். இடது கட்டைவிரலால் எப்போதும் லேசாக இடப்பக்கம் அழுத்தியபடியே வருடக்கணக்கில் விளையாடினார். அப்படியும் பாதி நாள் ஜெயித்தார்.

அரக்கோணத்து சிடி

இதே விளையாட்டு அரக்கோணத்தில் வேறு மாதிரி இருந்தது.

அங்கே என் அத்தை வீடு. அத்தை மகனை நான் பாவா என்று கூப்பிடுவேன். கட்டிக்கொள்ளும் முறைதான் என்றாலும், எங்களுக்குள் சண்டை போடும் முறை மட்டும்தான் நடந்தது. இப்போது அவருக்குக் கல்யாணமாகி, ஸ்டேஷன் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். மாமாவுக்கு ரயில்வே வேலை. அதனால் அந்த வீட்டில் எல்லாம் எங்களுக்கு ஒரு படி முன்னாலேயே வரும். எங்களிடம் கேசட் இருந்தபோது அவர்களிடம் சிடி போடுகிற பெட்டி இருந்தது. அந்த சிடியில் நம் சிவப்பனும் நீலனும் இருந்தார்கள்.

முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. இருவருக்கும் மூக்கு, கண், நிழல் எல்லாம் வந்திருந்தன. குளத்தில் தண்ணீர் அலையடித்தது. திரை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. என் பாதியில் என் ஆள் பார்ப்பதும், அவர் பாதியில் அவர் ஆள் பார்ப்பதும் தெரியும். பாவா என் பாதியைத்தான் பார்த்து விளையாடுவார்.

"இது இன்னா பாவா, பரிட்சைல பக்கத்து பேப்பர் பாக்கிற மாதிரி?"

"கண்ணு கீது, பாக்குது. உன் பாதிய நீ மூடிக்க."

எனக்குப் பெரிய குறை வேறு. பட்டனை அழுத்திப் பிடித்தால் குண்டு மழை போல் கொட்டியது. ஒரு குண்டு போய்ச் சேரக் காத்திருப்பது என்பதே இல்லை. அப்புறம், இரண்டு ரிமோட்டிலும் நிறுத்துகிற பட்டன் இருந்தது. தோற்கப்போகிற ஒவ்வொரு முறையும் பாவா நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். அத்தையைக் கூப்பிட்டு ஏதாவது கேட்டார்.

"உங்க ஊட்டு கேசட்டு பழசு. இதான் ஒரிஜினல்," என்பார்.

"முன்ன வந்தது எதுவோ அதான் ஒரிஜினல்," என்பேன்.

இந்தச் சண்டை எங்களுக்குள் இன்று வரை தீரவில்லை. ஒரு சிரிப்பு என்னவென்றால், இன்று அதுவே எனக்குச் சம்பளம் தருகிற வேலை. ஒரே மென்பொருளின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது, மாறக் கூடாதது எது மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. நேர்காணலில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பொய்தான்.

தலையைத் திருப்புகிற கை

சின்ன வயதில் சாப்பாடு எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போவேன். ஈர முடியின் வாசனையும் சந்தனத்தின் வாசனையும் அங்கே ஒன்றாகவே இருக்கும். எல்லோரும் கத்தி பிடித்த கையைப் பார்ப்பார்கள். நான் நைனாவின் மற்றக் கையைப் பார்ப்பேன்.

தாயின் மடியில் வீறிடும் குழந்தையின் தலைமேல் அந்த இடது உள்ளங்கை வந்து உட்காரும். குல்லாய் போட்டது போல் இருக்கும். பிறகு அது மெல்லத் திருப்பும், இந்தக் காது, பின்கழுத்து, அந்தக் காது. குழந்தை தன் தலையைத் தானே திருப்புவதாக நினைத்துக்கொண்டிருக்கும். கத்தி சும்மா கூடவே போகும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, அப்படி ஒரு குழந்தையின் தலையிலிருந்து அந்தக் கை நழுவியிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நைனா முதலில் கத்தியை எட்டக் கீழே வைத்திருக்கிறார். அப்புறம்தான் சாய்ந்திருக்கிறார்.

பக்கவாதம். பேச்சு திரும்பிவிட்டது, காலும் மெல்லத் திரும்பியது. இடது கை மட்டும் வரவில்லை. பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண், அந்தக் கையை இந்த மாதங்களிலேயே பழக்க வேண்டும், விட்டால் கஷ்டம் என்றார். பிசைவதற்கு ஒரு பந்து கொடுத்தார். நைனா அதைப் பார்த்தார்.

"இது நாய்க்குட்டிக்குப் போடறதும்மா."

அந்தக் கையைத் துண்டால் மூடி வைக்கத் தொடங்கினார். யாராவது பார்க்க வந்தால் இன்னும் நன்றாக மூடினார்.

பாவா கொண்டு வந்த பெட்டி

போன சனிக்கிழமை பாவா வந்தார். கையில் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. பழைய விளையாட்டுகளை எல்லாம் இப்போது மறுபடி விற்கிறார்களாம். அதில் செவப்பன் நீலன் கேசட் வடிவமும் இருந்தது, சிடி வடிவமும் இருந்தது. எதை வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

"மாமா, உனக்கோசரம் செட் பண்ணி வெச்சிருக்கிறேன்," என்றார். "நடக்கிறது சுடுறது எல்லாமே வலது பக்கத்துக்கே மாத்திட்டேன். ஒரே கை போதும். இடது கை வேலையே இல்ல."

பாசத்தோடு செய்த வேலை அது. ராத்திரி கடை மூடிய பிறகு உட்கார்ந்து மாற்றியிருக்கிறார். நைனா வாங்கி ஒரு ஆட்டம் ஆடினார். படம் கண்ணாடி போல் இருந்தது. ஆனால் பட்டனை அழுத்தினால் ஆள் ஒரு கண்ணிமைப் பொழுது தாமதமாக நகர்ந்தான். பழைய டிவியில் அழுத்துவதும் நடப்பதும் ஒன்றாகவே நடக்கும். இன்னொன்றும் கவனித்தேன். இதில் நீலன் நிறுத்திய இடத்தில் நின்றான். யாரையும் நோக்கி நகரவில்லை.

அலுவலகமாக இருந்தால் அந்தத் தானே நடக்கிற நீலனைக் குறை என்று நானே எழுதியிருப்பேன். சரிசெய்யப்பட்டுவிட்டது என்றால் மகிழ்ந்திருப்பேன்.

நைனா ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"நல்லா கீதுடா," என்றார் பாவாவிடம். அப்புறம் துண்டின் அடியில் இருந்த கையைப் பார்த்தார். "இதுக்கு வேலை இல்லன்னு நீயும் சொல்லிட்ட."

பாவா முகம் மாறிவிட்டது. "ஐயோ மாமா, அப்படி இல்ல மாமா," என்றார். நைனா சிரித்து அவர் தோளைத் தட்டினார். அம்மா காப்பி கொண்டு வந்தாள்.

பாவா போன பிறகு நைனா பரணைக் காட்டினார்.

"பழசு எடு."

கிண்ணம்

பழைய புடவையில் சுற்றி அம்மா வைத்திருந்தாள். அம்மா எதையும் தூக்கிப் போடுவதில்லை. பழைய டிவியும் பரணில்தான் இருந்தது. ஞாயிறு மத்தியானம் எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கினேன். மஞ்சள் கேசட்டின் வாயில் ஊதிப் போட்டேன். இரண்டு முறை கோடு கோடாக வந்தது. மூன்றாம் முறை செங்கல் சுவர்கள் எழுந்து நின்றன.

நைனா பழக்கத்தில் இரண்டாவது ரிமோட்டுக்குக் கை நீட்டினார். நான் முதலாவதைக் கொடுத்தேன்.

"இது உன்னுது இல்ல?"

"வலது பக்கம் இழுத்துகினு போற ஆளை வெச்சிகினு நீ இப்ப ஆட முடியாது. அதை நான் சமாளிக்கிறேன். நீ செவப்பன்."

இப்படித்தான் நாங்கள் இந்த அத்தியாயத்தின் முதல் வரிக்கு வந்து சேர்ந்தோம். அவர் சுடு என்கிறார். நான் சுடாமல் இருக்கிறேன். நிற்கிற ஆளை எப்படிச் சுடுவது?

"பாப்பா," என்றார் நைனா. குரல் தாழ்ந்திருந்தது. "காலையில உங்கம்மா கிட்ட இன்னா சொன்ன?"

நான் திரையைப் பார்த்தேன்.

"எனக்காக வேலைய உடுறேன்னு சொன்ன. இப்ப எனக்காக சுடாமக்கூட நிக்கிற. எல்லாத்தயும் எனக்காக நிறுத்திட்டா நான் எதுக்குடி இங்க உக்காந்திருக்கிறேன்?"

"அதுக்கில்ல நைனா."

"அப்ப சுடு."

சுட்டேன். சிவப்பன் விழுந்து, மறுபடி அதே இடத்தில் எழுந்தான். மறுபடி சுட்டேன். நைனா இடது கையை எடுத்து ரிமோட்மேல் வைத்தார். அவருடைய இடது தோள் மட்டும் அசைந்தது. தோளிலிருந்து தள்ளிப் பார்த்தார். கட்டைவிரல் பட்டனின்மேல் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை.

அம்மா மாத்திரைக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். சொம்பு எல்லாம் கழுவப் போட்டிருந்ததால் ஒரு அகலக் கிண்ணத்தில் மொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

நைனா கிண்ணத்தைப் பார்த்தார். மாத்திரையை மறந்துவிட்டார். வலது கையால் இடது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினார். கிண்ணத்தில் விட்டார். வெளியே எடுத்து, அந்தக் கையை அவரே பிடித்து ஒரு உதறு உதறினார். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. ஈரத்தோடு அதை ரிமோட்டில் வைத்தார்.

"யோவ், கரண்டு..." என்று தொடங்கிய அம்மா நிறுத்திக்கொண்டாள்.

நான் சுட்டேன். குண்டு குளத்தின் மேலே போய்க்கொண்டிருந்தது. சிவப்பன் நின்ற இடத்துக்கு நேராக.

சிவப்பன் நகர்ந்தான்.

ஒரு அடி. மேல்பக்கமாக. கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தெரிந்தது. என் குண்டு அவன் இருந்த இடத்தைக் கடந்து கோடிச் சுவரை நோக்கிப் போனது. அது போய்ச் சேரும்வரை என் கையில் ஒன்றுமில்லை. சிவப்பன் மறுபடி ஒரு அடி இறங்கி, என் நேருக்கு வந்து நின்றான். நைனாவின் வலது கட்டைவிரல் சுட்டது.

குண்டு என்னை நோக்கி வந்தது. நான் நீலனை இடப்பக்கம் இழுத்தேன். அவன் வழக்கம்போல் கேட்கவில்லை, சிவப்பனைப் பார்த்தே நடந்தான்.

அப்போது எல்லாம் நின்றது. பாட்டு நின்றது. இரண்டு குண்டும் காற்றில் நின்றன. நைனா ஸ்டார்ட் பட்டனை அழுத்தியிருந்தார்.

"இன்னா நைனா?"

"ரயிலுக்கு நேரம் ஆச்சு. பையைக் கட்டு."

"அடிக்கப்போற நேரத்துல நிறுத்திட்ட?"

"ஆங். இந்த ரிமோட்ல அந்தப் பட்டன் கீது. இத்தினி நாளா நீதான் நிறுத்தின. இன்னிக்கு நான் நிறுத்தறேன்." இடது கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது வேறு யாருடையதோ போல. "வேலைக்குப் போய்ட்டு வா. வந்து அடி வாங்கிக்க."

அம்மா முகத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மாத்திரையை நான்தான் நினைவுபடுத்தினேன். கிண்ணத்துத் தண்ணீர் வேண்டாம், வேறு தண்ணீர் கொண்டு வா என்றார்.

ரயில் அரக்கோணம் தாண்டி மணவூரில் நின்றபோது அம்மா கூப்பிட்டாள்.

"உங்க நைனா அந்த டிவிய அணைக்க உட மாட்டேங்குது. அந்த ரெண்டு பேரும் அப்படியே நிக்கிறானுங்க. கரண்டு போனா இன்னா பண்ணுவ நீன்னு கேட்டா, போனா மறுபடி போட்டு அடிப்பேன்னுது."

"கை?"

"துண்ட மடிச்சு அந்தாண்ட போட்டுட்டுது. கிண்ணத்துல கைய உட்டுகினு உக்காந்திருக்குது."

ஜன்னலுக்கு வெளியே வயல்களில் வெயில் சாய்ந்திருந்தது. மறுநாள் காலை அலுவலகம் போனேன். போன உடனே பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

பாவா நேற்றுகூடக் கேட்டார், எது ஒரிஜினல் என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறாயா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நைனா சுட்ட அந்தக் குண்டு இன்னும் எனக்கு வந்து சேரவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.